ரிம்மின் முதுகைப் பார்த்து வாங்குங்கள்

விரிசல் எங்கே என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஆகிவிட்டது.

வறண்ட ஆற்றுப் படுகை. தலை அளவுக்கு உருண்டைக் கற்கள். லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை) முதல் கியர், டயரில் 18 பி.எஸ்.ஐ. காற்று, ஆள் நடக்கிற வேகம். முன் இடது சக்கரம் ஒரு கல்லின் முனையில் ஏறி வழுக்கி இறங்கியபோது ‘டங்’ என்று ஒரு சத்தம். டயர் அடிபட்டால் ‘தொம்’ என்றுதான் கேட்கும். இது நேராக உலோகத்தில் விழுந்த அடி. இறங்கிப் பார்த்தால் டயரில் ஒரு கீறல்கூட இல்லை, காற்று மட்டும் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றி, விரலால் தடவிக்கொண்டே வந்தபோது உள்பக்க விளிம்பில் குமிழி கிளம்பியது. அலாய் ரிம்மில், முடி கனத்தில், மூன்று விரற்கடை நீளத்துக்கு ஒரு கோடு. பெயின்ட்கூட உரியவில்லை.

அதே கற்களில் கூட வந்த அண்ணனின் வண்டிக்கும் அடி விழுந்தது. அவருடையது இரும்பு ரிம். விளிம்பு உள்பக்கமாக மடங்கி, அந்த இடைவெளியில் காற்று முழுவதும் போயிருந்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, கற்களுக்கு நடுவே படுக்க வைத்தோம். “தம்பி, கட்டையை அந்தப் பக்கம் முட்டுக் கொடுத்து அழுத்திப் பிடிங்க” என்றார். இரண்டு கிலோ சுத்தியலால் ஏழெட்டு அடி. விளிம்பு முழுசாக வட்டமாகவில்லை, ஆனால் டயர் போய் உட்காரும் அளவுக்கு நிமிர்ந்தது. கம்ப்ரெஸரைப் போட்டதும் ‘பட் பட்’ என்று பீடு, அதாவது ரிம்மைப் பிடிக்கும் டயரின் உள்விளிம்பு, ஏறி உட்கார்ந்தது. அவர் தன் ஸ்டெப்னியைத் தொடவே இல்லை. நான் என் ஒரே ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, மீதி நாற்பது கிலோமீட்டரும் ஒவ்வொரு கல்லையும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஐந்து இரும்பு ரிம் வாங்குவது என்று அன்று ராத்திரியே முடிவு செய்தேன். ஆனால் எந்த ரிம் என்று முடிவு செய்ய மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் கற்றதையும், அதற்குப் பிறகு அடிபட்டுக் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அலாய் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை அச்சில் வார்த்த அலுமினியம். அதற்கு ஓரளவுக்கு மேல் நீளும் குணம் கிடையாது. எல்லையைத் தாண்டி அடி விழுந்தால் வளைவதற்குள் விரிந்துவிடும். வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்யும் ஃபோர்ஜ்டு அலாய் வேறு ரகம், அது நன்றாகத் தாங்கும். இரும்பு ரிம்முக்கு எடுக்கும் எஃகு மிருதுவானது. நீளமான பட்டையை வளையமாகச் சுருட்டி, முனைகளை வெல்டு செய்து, உருளைகளுக்கு நடுவே விட்டு உருட்டி வடிவம் கொடுக்கிறார்கள். நடுத்தட்டைத் தனியாக பிரஸ்ஸில் அடித்தெடுத்து, வளையத்துக்குள் இறுக்கிப் பற்ற வைக்கிறார்கள். இத்தனை வளைவையும் உடையாமல் தாங்கிய எஃகு, கல்லில் அடிபட்டாலும் இன்னொரு தடவை வளைந்து கொடுக்கும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை எடை. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம்தான். ஆனால் அலாய் ரிம்மைத் தடிமனாக வார்க்க வேண்டியிருப்பதால் வித்தியாசம் மூன்று மடங்கெல்லாம் வராது. என் பழைய அலாய் தராசில் 10.9 கிலோ காட்டியது, புதிய இரும்பு 13.4 கிலோ. சக்கரத்துக்கு இரண்டரை கிலோ, நான்குக்கும் பத்து கிலோ. அந்தப் பத்து கிலோ சாமான் பெட்டியில் இருந்தால் தெரியவே தெரியாது. இது ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, அதிலும் சுற்றுகிற எடை. வரிவரியாக அலை விழுந்த மண் சாலையில் ஷாக் அப்சார்பருக்கு வேலை கூடுகிறது, பிரேக் கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது. வண்டி பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓடுகிறது, கல்லையும் பாறையையும் வருடத்தில் ஒருமுறைதான் பார்க்கிறது என்றால் நல்ல அலாயே போதும்.

சரி, இரும்பு என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடையில் ரிம்களைச் சுவரில் முகம் தெரியும்படி மாட்டி வைத்திருப்பார்கள். டி வடிவத் துளை, முக்கோணத் துளை, வட்டத் துளை, கறுப்பு, வெள்ளை என்று பலவிதம். முகத்தில் பார்க்க வேண்டியதென்று எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, துளைகள் தாராளமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர. துளை வழியாகத்தான் பிரேக்குக்குக் காற்று போகிறது, உள்ளே அப்பிய சேறும் அது வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ரிம்மைக் கீழே இறக்கித் திருப்பிப் போடச் சொல்லுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதற்கான பதில் முழுக்க அதன் முதுகில் இருக்கிறது.

விட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 265/60 ஆர்18, 265/65 ஆர்17, 265/70 ஆர்16 என்று மூன்று டயர் அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள் (முதல் எண் அகலம் மி.மீ.இல், இரண்டாவது பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி ரிம்மின் விட்டம் இன்ச்சில்). மூன்றின் மொத்த உயரமும் கிட்டத்தட்ட 776 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர் மாறாது, கியர் விகிதம் மாறாது. ஆனால் பக்கச்சுவர் 18 இன்ச் ரிம்மில் 159 மி.மீ., 17 இன்ச்சில் 172, 16 இன்ச்சில் 185. ஒரே சக்கரத்தில் 26 மி.மீ. கூடுதல் ரப்பர். காற்றை இறக்கியபோது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நிற்பது இந்த ரப்பர்தான். என் அலாய் 18 இன்ச். ஆற்றில் அது விரிந்ததற்கு வார்ப்பு எவ்வளவு காரணமோ, இந்த 26 மி.மீ. குறைந்ததும் அவ்வளவு காரணம் என்று நினைக்கிறேன். அதனால் 16 இன்ச்சுக்கு இறங்கினேன்.

இறங்கும்போது பிரேக் காலிபர் (பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) இடிக்குமா என்று பார்த்தாக வேண்டும். ‘இந்த வண்டிக்கு 16 இன்ச் ஏறும்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது. ஒரே 16 இன்ச்சில் ஒரு ரிம்மின் உள்குழி, அதாவது டயர் ஏற்ற வசதியாக வளையத்தில் விட்ட பள்ளம், ஓரிடத்தில் இருக்கும், இன்னொன்றில் வேறிடத்தில் இருக்கும். ஒன்று ஏறும், மற்றது காலிபரில் உரசும். நான் செய்தது இது: குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் காலிபரின் மேடான இடங்களில் சின்ன உருண்டைகளாக ஒட்டினேன். டயர் போடாத வெறும் ரிம்மை மாட்டி, எல்லா நட்டையும் இறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றினேன். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் மிச்சமிருக்கும் இடைவெளி. 4 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நான் எடுக்க மாட்டேன். காரணம் உரசல் மட்டுமில்லை. ஆற்று ஓரத்துப் பொடிக்கல் அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டால், ரிம்மின் உள்சுவரில் கடைசல் போட்ட மாதிரி வட்டமாக ஒரு பள்ளம் தோண்டிவிடும். அப்படி அறுபட்ட ரிம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நகம் முழுசாக உள்ளே போனது.

போல்ட் வட்டம், அதாவது பி.சி.டி., பலருக்கும் தெரிந்த விஷயம். ஆறு போல்ட் பிக்கப்களிலும் பெரிய எஸ்யூவிகளிலும் பரவலாக இருப்பது 6×139.7, அதாவது ஆறு துளை, அவற்றின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. ஜிம்னி 5×139.7, 2007க்குப் பிறகு வந்த ஜீப் ராங்ளர் 5×127, பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 5×165.1. பழைய ரிம் வாங்குகிறீர்கள், அளவு எதுவும் பொறிக்கவில்லை என்றால் அளந்து பார்த்துவிடலாம். ஆறு துளை என்றால் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து துளையில் நேர் எதிரே துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். 82.1 மி.மீ. வந்தால் அது 139.7.

பி.சி.டி. பொருந்திவிட்டது என்பதோடு நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். நடுத்துளையையும் அளக்க வேண்டும். ஹைலக்ஸும் 6×139.7, ஃபோர்டு ரேஞ்சரும் 6×139.7. ஆனால் ஹைலக்ஸின் நடுத்துளை 106.1 மி.மீ., ரேஞ்சருடையது 93.1 மி.மீ. ரேஞ்சர் ரிம் ஹைலக்ஸ் ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனையில்) ஏறவே ஏறாது. ஹைலக்ஸ் ரிம் ரேஞ்சரில் ஏறும், ஆனால் தளர்வாக நிற்கும். வெளிச்சந்தை இரும்பு ரிம்களில் பல வண்டிக்கும் ஏறட்டும் என்று நடுத்துளையை 110 மி.மீ. வாக்கில் பெரிதாக வெட்டியிருப்பார்கள். முன் ஹப்பில் கையால் திருப்பும் லாக் (முன் சக்கரத்தை இயக்கத்தோடு இணைக்கும் பூட்டு) இருக்கிற வண்டிக்கு அந்தப் பெருந்துளை தேவையும்கூட, லாக் அதற்குள் நுழைந்து வெளியே வர வேண்டுமே. அப்போது ரிம்மை நடுவில் நிறுத்துவது ஹப் அல்ல, நட்டுகளின் கூம்புதான். இதில் தவறில்லை. ஆனால் நட்டையும் அது உட்காரும் இடத்தையும் பற்றி நாம் இரட்டிப்பு அக்கறை எடுக்க வேண்டும்.

நட்டு உட்காரும் இடம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புது ரிம் ஐந்தும் வந்தன. பளபளவென்று கறுப்பு பவுடர் கோட்டிங், தொட்டால் பட்டு மாதிரி இருந்தது. டயர் ஏற்றி, பேலன்ஸ் பார்த்து, ஒரு பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை விர்ரென்று இறுக்கி அனுப்பினார்கள். இரண்டாம் நாள், மெதுவாகத் திரும்பும்போது ‘டிக்... டிக்...’ என்று ஒரு ஓசை. நேரே போனால் இல்லை. பிரேக் பேடாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். மனசு கேட்கவில்லை, ஓரங்கட்டி ஸ்பேனரைப் போட்டேன். பின் வலது சக்கரத்தில் முதல் நட்டு கையழுத்தத்திலேயே அரைச் சுற்று சுற்றியது. இரண்டாவதும் அப்படியே. ஆறில் நான்கு அப்படி.

சக்கரத்தைக் கழற்றி, துளைகளை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு துளையின் கூம்பிலும் கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உரிந்து, நசுங்கி, கரிப்பொடி மாதிரி ஒட்டியிருந்தது. ரிம்மின் முதுகில் ஹப் அழுந்தும் வட்டத்திலும் அதே கதை. இறுக்கும்போது நட்டு இரும்பைப் பிடிக்கவில்லை, பெயின்ட்டைப் பிடித்திருக்கிறது. ஓட ஓடப் பெயின்ட் நசுங்கியது. நசுங்கிய தடிமன் அளவுக்கு இறுக்கம் போயிற்று. துளைகள் இன்னும் நீள்வட்டமாக மாறவில்லை, நட்டு ஏறும் ஸ்டட் ஆணியின் மரையும் தேயவில்லை. இன்னொரு நூறு கிலோமீட்டர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

ஐந்து ரிம்மிலும் முப்பது கூம்புகளையும் முதுகு வட்டங்களையும் வீட்டில் உட்கார்ந்து இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய பிரைமர் ஒரே ஒரு கை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நட்டின் கூம்பில் ஸ்கெட்ச் பேனா மையைப் பூசி, துளையில் கையால் இறுக்கிக் கழற்றிப் பார்த்தேன். மை சுற்றிலும் ஒரே பட்டையாக ஒட்டியிருந்தால் நட்டும் இருக்கையும் ஒரே கோணம். ஒரு மெல்லிய வளையம் மட்டும் ஒட்டியிருந்தால் கோணம் வேறு, அந்த நட்டை அந்த ரிம்மில் போடவே கூடாது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வாங்குவதற்கு முன் கடையிலேயே செய்துவிடலாம்.

ஏன் கோணம் மாறும்? இரும்பு ரிம்களில் பெரும்பாலும் இருப்பது 60 டிகிரிக் கூம்பு. சில வண்டிகளில் உருண்டை இருக்கை இருக்கும். டொயோட்டாவின் பல அலாய் ரிம்களோடு வருவது தட்டையான வாஷரும் நீளக் கழுத்தும் உள்ள நட்டு. அந்த நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் வாஷர் துளை விளிம்பில் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். பார்ப்பதற்கு இறுகின மாதிரியே இருக்கும். அலாயிலிருந்து இரும்புக்கு மாறும்போது நட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டி வரலாம். மரையையும் கவனியுங்கள்: டொயோட்டா ஹைலக்ஸில் எம்12 (12 மி.மீ. விட்டம்), 1.5 மரை. ஜிம்னியில் எம்12தான், ஆனால் 1.25 மரை. பெரிய லேண்ட் குரூசர்களில் எம்14.

காற்றுத் துப்பாக்கியை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரும்பு ரிம்மின் நடுத்தட்டில் துளைகளைச் சுற்றியுள்ள பகுதியை லேசாக மேடாக்கி அடித்திருப்பார்கள். நட்டை இறுக்கும்போது அந்த மேடு கொஞ்சம் அமுங்கி, ஸ்பிரிங் வாஷர் மாதிரி நட்டை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். நட்டு கழலாமல் இருக்க இது பெரிய உதவி. அளவுக்கு மீறி இறுக்கினால் மேடு ஒரேயடியாகத் தட்டையாகிவிடும், அதற்குப் பிறகு அந்த ஸ்பிரிங் குணம் திரும்பாது. என் வண்டிக் கையேடு சொல்வது 105 நியூட்டன் மீட்டர். சக்கரம் தரையைத் தொடாதபோது கையால் நட்சத்திர வரிசையில் இறுக்கி, ரிம் நடுவில் உட்கார்ந்த பிறகு கீழே இறக்கி, டார்க் ரெஞ்சால் முடிக்கிறேன். 50 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500இல் ஒரு தடவை மறுபடி பார்க்கிறேன்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவில் ஒரு கோடு போட்டால், ஹப்பில் அழுந்தும் முகம் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் இது. முகம் வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் பிளஸ், உள்பக்கம் என்றால் மைனஸ். சொல்லக் கேட்டால் தலை சுற்றும், கணக்குப் போட்டால் எளிது. ரிம் அகலம் என்பது பீடு உட்காரும் இடத்துக்கு இடையிலான அளவு. விளிம்புகளையும் சேர்த்தால் இன்னும் ஒரு இன்ச் கூடும். 16×7, ஆஃப்செட் +30 என்றால் மொத்த அகலம் 8 இன்ச், பாதி 101.6 மி.மீ. அதனால் ஹப் முகத்திலிருந்து உள்விளிம்புக்கு 131.6 மி.மீ., வெளிவிளிம்புக்கு 71.6 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 16×8, ஆஃப்செட் சைபர் மாட்டினால் இரண்டு பக்கமும் 114.3 மி.மீ. உள்ளே சஸ்பென்ஷன் பக்கம் 17 மி.மீ. இடம் கிடைக்கிறது, வெளியே சக்கரம் 43 மி.மீ. துருத்துகிறது.

வண்டி அகன்று உட்கார்ந்தால் பார்க்க அழகுதான், சாய்வில் கொஞ்சம் நிலைப்பும் கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங் திரும்பும் அச்சைத் தரை வரை நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் கூடிவிடுகிறது. அந்தத் தூரம் நெம்புகோல் மாதிரி. ஒற்றைச் சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பும், கட்டைவிரல் ஸ்போக்கில் மாட்டினால் வலி நாலு நாள் போகாது. ஹப் பேரிங்குக்கு அது வடிவமைக்கப்பட்ட இடத்துக்கு வெளியே பாரம் விழுகிறது. முழுசாகத் திருப்பும்போது டயர் முன் பம்பர் ஓரத்தில் உரசும். சேறு கதவு முழுக்க அடிக்கும். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டுவதைப் பல நாடுகளின் சாலை விதிகள் அனுமதிப்பதும் இல்லை. எனக்குத் தேவைப்பட்டது உள்பக்கம் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். 16×7, ஆஃப்செட் +10 எடுத்தேன். 20 மி.மீ. வெளியே வந்தது. ஸ்டியரிங் கனம் கூடியது தெரிகிறது, ஆனால் பிடுங்கவில்லை. ஆஃப்செட்டை ஸ்பேசர் போட்டு ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூடுதலாக ஒரு துண்டு, கூடுதலாக ஒரு செட் நட்டு, கழலுவதற்குக் கூடுதலாக ஓரிடம்.

அகலத்தில் 7 இன்ச் எடுத்ததற்கும் காரணம் உண்டு. 265/70 ஆர்16க்கு 7 முதல் 9 இன்ச் வரை ரிம் போடலாம். 31×10.50 ஆர்15க்கும் அதே வரம்புதான். காற்று இறக்கி ஓட்டுகிறவருக்கு அந்த வரம்பின் குறுகிய முனைதான் நல்லது. பக்கச்சுவர் ரிம்முக்கு வெளியே உப்பி நின்று விளிம்பை மறைக்கிறது, பீடும் எளிதில் நழுவாது. அகல ரிம்மில் டயரை இழுத்துப் பரப்பினால் விளிம்பு வெளியே தெரியும், முதல் அடி அதற்குத்தான்.

பாரம் தாங்கும் அளவை ரிம்மின் முதுகில் பொறித்திருக்க வேண்டும். உங்கள் வண்டியின் பின் அச்சுக்கு அனுமதித்த எடையைப் பாதியாக்குங்கள். 1,700 கிலோ என்றால் சக்கரத்துக்கு 850. அதற்கு மேல் தாராளமாக இருக்கிற ரிம்மை எடுங்கள். கூரைமேல் கூடாரம், பின்னால் தண்ணீர் டேங்க் என்று ஏற்றிக்கொண்டு குழியில் விழும்போது சக்கரம் பார்க்கும் பாரம் நின்றபடி இருக்கும் பாரத்தைவிடப் பல மடங்கு. டயரில் பாரக் குறியீடு 112 என்று போட்டிருந்தால் 1,120 கிலோ, 121 என்றால் 1,450 கிலோ. டயர் தாங்குவதை ரிம் தாங்காவிட்டால் அந்த டயருக்குக் கொடுத்த பணம் வீண். ஜே.டபிள்யூ.எல். முத்திரை இருக்கிறதா என்று இரும்பு ரிம்மில் தேடாதீர்கள், அது ஜப்பானில் லைட் அலாய் ரிம்களுக்கென்று வந்த முத்திரை. இரும்பும் உட்பட மாற்று ரிம்களுக்கு ஐக்கிய நாடுகள் அவையின் 124ஆம் விதிமுறையும், அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. ஜே2530 என்ற செய்முறையும் இருக்கின்றன. திருப்பத்தில் வரும் வளைவு விசையை ரிம்முக்குக் கொடுத்துக் கொடுத்துச் சோர்வடைய வைக்கிற சோதனையும், பாரத்தோடு உருளையில் ஓடவிடும் சோதனையும்தான் இவற்றின் முதுகெலும்பு. எடையும் அளவும் செய்தவர் அடையாளமும் எதுவுமே பொறிக்காத ரிம் எவ்வளவு கனமாகத் தோன்றினாலும் நான் தொட மாட்டேன்.

பிறகு வெல்டு. நடுத்தட்டும் வளையமும் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே சீராக, துளையோ விட்டுப்போன இடமோ இல்லாமல் ஓட வேண்டும். வால்வு துளையில் விரலை விட்டுப் பாருங்கள், பிசிறு இருந்தால் ரப்பர் வால்வை மெல்ல அறுக்கும். உள்ளே காற்றழுத்த சென்சார் மாட்டுவதானால் அதன் உடம்பு குழிக்குள் உட்காருகிறதா என்று டயர் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ராணுவ வண்டி ரிம்களில் இரண்டு துண்டாகப் பிரியும் ஸ்பிளிட் ரிம்கள் மலிவாக வரும். சரியாகப் பூட்டாத வளையம் காற்றடிக்கும்போது தெறித்து ஆளையே கொன்றுவிடும். அனுபவமுள்ளவர்கள் கூண்டுக்குள் வைத்துத்தான் அதற்குக் காற்றடிப்பார்கள். பழகாதவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். பீடு நழுவாமல் சுற்றிலும் போல்ட் அடித்துப் பிடிக்கும் பீட்லாக் ரிம்மும் எனக்குத் தேவைப்படவில்லை. 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே அடிக்கடி இறங்குகிறவர்களுக்கான பொருள் அது. போல்ட்டுகளை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் சரிபார்க்கும் பொறுமையும் வேண்டும்.

கோணல் விஷயத்தில் இரும்பு ரிம்மை நம்பி எடுக்கக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்த புது ரிம்மே ஆடும். பேலன்சிங் இயந்திரத்தில் டயர் இல்லாமல் ஏற்றி, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை நிறுத்தி மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் நான் வேறு கேட்பேன். ஐந்தில் ஒன்றை அப்படித் திருப்பிக் கொடுத்தேன். நடுத்துளை ஹப்பைப் பிடிக்காத ரிம்மைக் கூம்பு வைத்துப் பேலன்ஸ் செய்தால் கணக்கு தப்பும். போல்ட் துளைகளில் பிடிக்கும் தட்டு இருக்கிற கடையாகப் பாருங்கள்.

துருவுக்கு வருகிறேன். முகத்தில் வரும் துரு கண்ணுக்குத்தான் உறுத்தும். பீடு உட்காரும் இடத்தில் வரும் துருதான் காற்றைக் கசிய விடும், வாரத்துக்கு மூன்று நான்கு பி.எஸ்.ஐ. போய்க்கொண்டே இருக்கும், பஞ்சர் எங்கே என்று தேடினால் கிடைக்காது. டயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, காய்ந்த பிறகே டயர் ஏற்றச் சொல்கிறேன். சேறு ஓட்டிவிட்டு வந்தால் முகத்தைவிட முதுகுக்கு அதிகத் தண்ணீர் அடிக்கிறேன். உள்குழியில் ஒரு பக்கம் மட்டும் அப்பிக் காய்ந்த சேறு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கையே உதற வைக்கும். பேலன்சிங் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன் குனிந்து உள்ளே பார்த்தால் போதும்.

சுத்தியல் வைத்தியத்துக்கும் எல்லை உண்டு. நிமிர்த்தலாம் என்பது விளிம்புக்கு மட்டும், அதுவும் டயரில் காற்றே இல்லாதபோது, வீடு வந்து சேருவதற்காக. போல்ட் துளையைச் சுற்றியோ, நடுத்தட்டு வெல்டிலோ விரிசல் கண்டால் அந்த ரிம் முடிந்தது. தீயில் காய்ச்சி நிமிர்த்துவது, விரிசலை வெல்டு வைத்து மூடுவது இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஐந்து ரிம்மின் முதுகிலும் வெள்ளைப் பெயின்ட்டில் 1 முதல் 5 வரை எண் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டரை வருடத்தில் மூன்றாம் எண் மட்டும் இரண்டு தடவை அடி வாங்கியிருக்கிறது. இரண்டாவது தடவை, அண்ணன் கட்டையைப் பிடிக்க நான் சுத்தியல் போட்டேன். விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு அந்தத் தழும்பு இருக்கிறது, பேலன்ஸுக்கு 70 கிராம் ஈயம் கேட்கிறது, காற்று மட்டும் இறங்குவதில்லை. இப்போது அதைப் பின்கதவில் ஸ்டெப்னியாக மாட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் டயரைக் கழற்றி, போல்ட் துளைகளைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்புத் தூள் தூவிப் பார்க்கப் போகிறேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் எண்ணெய் ஊறி வந்து கோடாகக் காட்டும். கோடு விழுந்தால் மூன்றாம் எண் இனி வண்டியில் ஏறாது.